கொடுத்தால் விசாரணை, மறுத்தால் நிம்மதி

கேள்வி

வண்டிப்பெரியாரை அடுத்த ஓர் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருக்கிறோம். நான் கொழுந்து பறிக்கிறேன். கணவர் இறந்துவிட்டார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேரக் காத்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் பட்டியல் சாதி என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் சான்றிதழ் கேட்டுப் போனால், 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று வில்லேஜ் ஆபீசில் சொல்கிறார்கள். கணவரின் தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். 1983இல் அவர் ஓய்வு பெற்றபோது எஸ்டேட் கொடுத்த கடிதத்தில், 1949 ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்ததாக இருக்கிறது. இது 1983இல் எழுதிய காகிதம், 1950க்கு ஆதாரம் ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் தாத்தாவின் ஊர்த் தாலுகா ஆபீசுக்கும் போனோம். நீங்கள் கேரளாக்காரர்கள், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். கம்பத்தில் ஒருவர் 20,000 ரூபாய் கொடுத்தால் தமிழ்நாட்டுச் சான்றிதழே எடுத்துத் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?

— ஒரு தாய், பீர்மேடு தாலுகா

பதில்

அன்புள்ள அம்மா,

கம்பத்துக்காரரை முதலில் கைகழுவுங்கள். அவர் வாங்கித் தரும் காகிதம் இன்றைக்குச் செல்லும். உங்கள் மகள் படித்து முடித்து, ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கிய பிறகு ஒருநாள் செல்லாமல் போகும். பொய்ச் சான்றிதழால் கிடைத்த படிப்பும் வேலையும், எத்தனை வருடம் கடந்திருந்தாலும் கைவிட்டுப் போகும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கொடுமை என்னவென்றால், உங்கள் விஷயத்தில் சாதி பொய் இல்லை. முகவரி மட்டும்தான் பொய்யாக இருக்கும். அந்த வித்தியாசத்தை எந்த விசாரணைக் குழுவும் இரக்கத்தோடு பார்க்காது.

இனி அந்தத் தேதி. அது வில்லேஜ் ஆபீசர் தன் இஷ்டத்துக்குச் சொன்னதில்லை. அரசியலமைப்பின் 341ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பட்டியல் சாதிகளின் முதல் ஆணையை வெளியிட்ட நாள் 1950 ஆகஸ்ட் 10. பட்டியல் மாநிலவாரியாகத்தான் போடப்பட்டது. ஒரு சாதி இந்த மாநிலத்தில் பட்டியல் சாதி, அந்த மாநிலத்திலும் பட்டியல் சாதி என்றாலும், மாநிலம் விட்டு மாநிலம் குடிபோனவருக்குப் போன இடத்தில் இட ஒதுக்கீடு கிடையாது. ஆந்திராவில் பிறந்து, அப்பாவின் வேலைக்காகப் பம்பாய்க்குப் போன மாணவர் ஒருவர் அங்கே மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினர் இடம் கேட்ட வழக்கில், 1990இல் அரசியல் சாசன அமர்வு இப்படித் தீர்ப்பளித்தது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்பார்கள். 2018இல் பீர் சிங் வழக்கில் இன்னொரு அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது. ஆகவே இந்தத் தேதியோடு மல்லுக்கு நிற்பதில் பயன் இல்லை. தேதிக்கு இந்தப் பக்கம் நிற்கிறீர்களா, அந்தப் பக்கமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தின்படி சரியான பக்கத்தில்தான் நிற்கிறீர்கள், பதினாறு மாத இடைவெளியோடு.

ஒன்றைக் கவனித்தீர்களா? 1950இல் கேரளம் என்றொரு மாநிலமே கிடையாது. 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திருவிதாங்கூர்-கொச்சி ஆனது. கேரளம் 1956 நவம்பர் 1 அன்றுதான் பிறந்தது. பீர்மேடு அன்றும் இன்றும் மலைக்கு மேலேயேதான் இருக்கிறது. கோடுகள்தான் அதைச் சுற்றி இடம் மாறின. இதே காலத்தில் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குக் குடிபோன குடும்பம் மாநிலமே மாறவில்லை, ஏனென்றால் பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சித்தூர்ப் பக்கமோ கொச்சி ராஜ்யம். வாளையாறு, வேலந்தாவளம் பக்கத்து வாசகர்கள் தங்கள் தாத்தா எந்தக் கிராமத்தில் இறங்கினார் என்பதைத் துல்லியமாக விசாரித்துக்கொள்வது நல்லது.

உங்களுக்கும் இதில் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். தென்காசிப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். தென்காசித் தாலுகாவா, செங்கோட்டைத் தாலுகாவா? செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. தாத்தாவின் ஊர் புளியரைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 1949இல் பீர்மேட்டுக்கு ஏறியபோது ஒரே அரசின் ஒரு தாலுகாவிலிருந்து இன்னொரு தாலுகாவுக்குப் போனார், அவ்வளவுதான். அவரை வெளி மாநிலத்தவர் என்று சொல்வதற்கே இடம் இல்லாமல் போகும். இது வாதம்தான், தீர்ப்பு அல்ல. ஆனால் வலுவான வாதம். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் ஊர்ப்பெயரைச் சரியாகக் கேட்டு எழுதி வையுங்கள்.

அடுத்து, உங்களிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் கோப்பில் கண்டிப்பாக வரப்போகும் தடை ஒன்று இருக்கிறது. மத்திய உள்துறை 1977 மார்ச் 22 அன்று மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, குடியிருப்பு என்றால் நிரந்தரக் குடியிருப்பு என்கிறது. பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ தற்காலிகமாக வெளியே போயிருந்தவர் தன் சொந்த மாநிலத்தவராகவே கருதப்படுவார். தங்கிய இடத்தின் பட்டியலில் அதே சாதி இருந்தாலும் அவருக்கு அங்கே உரிமை இல்லை. 1950க்குப் பின் பிறந்தவர்களுக்கு, அந்தத் தேதியில் பெற்றோரின் நிரந்தர இருப்பிடம் எதுவோ அதுதான் கணக்கு. எஸ்டேட் தொழிலாளிகளின் கழுத்தில் இதை எப்படி மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஆள் சேர்த்து வந்த கங்காணியோடு மலை ஏறி, காடு வெட்டி, செடி நட்டு, லயத்தில் பிள்ளை பெற்று, எஸ்டேட் சுடுகாட்டிலேயே போய்ச் சேர்ந்தவரைப் பார்த்து, நீ பிழைக்கத்தானே வந்தாய், ஆகவே நீ தற்காலிகம் என்கிறார்கள். முப்பத்து நான்கு வருடம் ஒரே எஸ்டேட்டில் வேலை பார்ப்பது தற்காலிகம் என்றால், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுதல் வாங்கும் தாசில்தார் எந்த வகை என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தடைக்கு உங்களிடம் பதில் இருக்கிறது. அதை நீங்கள் தோல்வி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுத் தாலுகா ஆபீசில் வாசலோடு அனுப்பினார்கள் அல்லவா? திரும்பிப் போங்கள். இந்த முறை எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். இன்ன கிராமத்தில் எங்கள் தாத்தா பெயரிலோ வாரிசுகள் பெயரிலோ பட்டா இருக்கிறதா, எங்கள் குடும்பம் இங்கே குடியிருப்பதாகக் கிராம நிர்வாக அலுவலரின் பதிவில் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். “மனுதாரர் இக்கிராமத்தில் வசிக்கவில்லை, சொத்து எதுவும் இல்லை” என்று அவர்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், தாத்தாவின் நிரந்தர இருப்பிடம் அந்த ஊர் இல்லை என்பதற்குத் தமிழ்நாடு அரசே சாட்சி சொன்னது போல ஆகிவிடும். உங்களைத் துரத்துவதற்கு அவர்கள் சொன்ன அதே காரணத்தை முத்திரையோடு வாங்கி, மலைக்கு மேலே கொண்டுபோங்கள்.

சரி, அந்த 1983ஆம் வருடத்துக் கடிதம். நகலை நன்றாகப் பார்த்தேன். எஸ்டேட்டின் பெயர் அச்சிட்ட தாள். தட்டச்சு. மேனேஜர் கையெழுத்துக்குக் கீழே நீல ரப்பர் முத்திரை. செக் ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) எண் போட்டிருக்கிறது. சேர்ந்த நாள், விலகிய நாள், டிவிஷன் பெயர் எல்லாம் இருக்கின்றன. பெயர் “மாடன்” என்று இருக்கிறது. ரேஷன் கார்டில் “மாடசாமி”. தகப்பன் பெயர் இரண்டிலும் ஒன்றே. இதைவிட நல்ல காகிதம் லயத்தில் எத்தனை வீட்டில் இருக்கும்? அதை எக்காரணம் கொண்டும் லேமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக்குக்குள் போன காகிதத்தின் மையையும் முத்திரையையும் பிறகு யாராலும் சோதிக்க முடியாது. ஒரு உறையில் போட்டு வையுங்கள், போதும். எந்த ஆபீசிலும் மூலத்தைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது.

1983இல் எழுதியது 1950க்குச் செல்லாது என்பது அரைகுறைப் பேச்சு. முப்பது வருடத்துக்கு மேல் பழைய ஆவணம், இருக்க வேண்டிய கையில் இருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்தும் எழுத்தும் உண்மையானவை என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த விதி இது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. உங்கள் கடிதம் அந்த வயதைத் தாண்டி வருடங்கள் ஆகிவிட்டன. கையெழுத்து உண்மை என்பதால் உள்ளே எழுதியிருப்பதும் உண்மை என்று தானாக ஆகிவிடாது. அதற்காகத்தான் செக் ரோல் எண் முக்கியம். எஸ்டேட் ஆபீசுக்கு ஒரு மனுக் கொடுங்கள்: இந்த எண்ணுக்குரிய பழைய பதிவேட்டிலிருந்து சான்றொப்பமிட்ட நகல் தர வேண்டும். கிராஜுவிட்டி கணக்குப் போட்ட தாள் இருந்தால் அதன் நகலும். சேர்ந்த தேதியிலிருந்து கணக்கிட்டுத்தான் பணம் கொடுத்திருப்பார்கள். ஒரு நிர்வாகம் தன் பணத்தை எண்ணிக் கொடுத்த தேதியை யாரும் சுலபத்தில் சந்தேகிக்க மாட்டார்கள். பதிவேடு இல்லை என்றால் இல்லை என்று எழுதித் தரட்டும். இரண்டாயிரத்தை ஒட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேட்டில் சில எஸ்டேட்டுகளை நிர்வாகங்கள் அப்படியே போட்டுவிட்டுப் போயின. அங்கே பதிவேடு கேட்டு யாரிடம் போவது என்று தெரியாத குடும்பங்கள் உண்டு. உங்கள் எஸ்டேட் இன்னும் இயங்குவது ஓர் அனுகூலம்.

வேறு என்ன தேடலாம்? முதல் பொதுத் தேர்தலின் வாக்காளர் பட்டியல் 1950 மார்ச் 1ஐத் தகுதி நாளாக வைத்துத் தயாரானது. அதற்கும் முன்பு, 1948இல் திருவிதாங்கூரில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கொடுத்துத் தேர்தல் நடந்தது. திருவனந்தபுரத்தில் மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. பீர்மேடு பகுதிப் பட்டியல் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். மாமனார் படித்த எஸ்டேட் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த இடம், சாதி இரண்டும் இருக்கும். 1951 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தாவை எண்ணியிருப்பார்கள், ஆனால் அதைத் தேடி அலையாதீர்கள். 1948ஆம் வருடக் கணக்கெடுப்புச் சட்டப்படி அந்தப் பதிவை யாரும் பார்க்கவும் முடியாது, சாட்சியமாகவும் எடுக்க முடியாது. அரசாங்கத்துக்கு மாடன் அங்கே இருந்தார் என்பது தெரியும். தெரியும் என்று சொல்லத்தான் மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. எஸ்டேட்டுகளில் பல குடும்பங்களுக்கு மிகப் பழைய காகிதம் சர்ச் பதிவேட்டில்தான் இருக்கும், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று. குடியிருப்புக்கு அது அருமையான சாட்சி. ஆனால் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்படுவதில்லை என்று அதே 1950 ஆணை சொல்கிறது. ஒரு கேள்விக்குப் பதிலாக நீட்டும் தாள் இன்னொரு கேள்வியைக் கிளப்பிவிடும். 2021இல் பக்கத்துத் தேவிகுளம் எம்.எல்.ஏ.வாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆ. ராஜாவின் வழக்கில் குடும்பம் எப்போது வந்தது, மதம் மாறியதா என்ற இரண்டு கேள்விகளும் எழுந்தன. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. எம்.எல்.ஏ.வுக்கே டில்லி வரை போக வேண்டியிருந்தது என்றால் கொழுந்து பறிப்பவர் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் குடும்பத்தில் அப்படி எந்தப் பதிவும் இல்லை என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள். இருந்தால், மறைக்காமல் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் பிறகு மனுப் போடுங்கள்.

தேவிகுளம் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. தொகுதியை எப்படி ஒதுக்குகிறார்கள்? ஜனத்தொகைக் கணக்கில் பட்டியல் சாதியினர் விகிதம் எவ்வளவு என்று பார்த்து. அந்தக் கணக்கெடுப்பில் வீட்டுக்கு வருபவர் 1950க்கு முந்தைய ஆதாரம் கேட்பதில்லை. சொன்ன சாதியை எழுதிக்கொண்டு போகிறார். தொகுதி ஒதுக்குவதற்கு மலைமேல் இருக்கும் அத்தனை தலைகளும் தேவைப்படுகின்றன. அதே தலைகளில் ஒன்று சான்றிதழ் கேட்டு ஜன்னலில் நீண்டால் அது வெளியூர்த் தலை ஆகிவிடுகிறது.

ஏன் இப்படி? உங்கள் வில்லேஜ் ஆபீசர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் இடத்தில் இருந்து பாருங்கள். தகுதியில்லாத ஒருவருக்குச் சான்றிதழ் போய்விட்டால், 1996ஆம் வருடத்துக் கேரள சாதிச் சான்றிதழ் ஒழுங்குமுறைச் சட்டப்படி விசாரணை, விஜிலன்ஸ், ஓய்வூதியம் வரைக்கும் துரத்தும் தலைவலி. தகுதியுள்ள ஒருவருக்கு மறுத்துவிட்டால்? ஒன்றும் இல்லை. ஒரு பெண் படிக்காமல் போவாள், அது எந்தக் கோப்பிலும் பதிவாகாது. மறுத்ததற்காக விளக்கம் கேட்கப்பட்ட ஓர் அதிகாரியை என் தொழிலில் நான் இன்னும் சந்திக்கவில்லை. இந்தத் தராசை வைத்துக்கொண்டு யாரை உட்கார வைத்தாலும் மறுக்கத்தான் செய்வார். போலிகளைப் பிடிக்கச் சட்டம் வேண்டும்தான். போலிச் சான்றிதழ் எடுப்பவன் உண்மையான தலித்தின் இடத்தைத் திருடுகிறான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் தண்டனை வைத்த சட்டம், போலிகளைப் புரோக்கரிடமும் உண்மையானவர்களை வீட்டுக்கும் அனுப்புகிறது. கம்பத்துக்காரர் பிழைப்பது இதனால்தான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, மறுப்பதற்கும் ஒரு விலை வைப்பது. வாய்மொழியாக எதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வில்லேஜ் ஆபீசருக்கு மறுக்கும் அதிகாரமே கிடையாது. பட்டியல் சாதிச் சான்றிதழில் முடிவெடுப்பவர் தாசில்தார். வில்லேஜ் ஆபீசர் விசாரித்து அறிக்கை கொடுப்பவர் மட்டுமே. அக்ஷயா என்னும் அரசின் இணையச் சேவை மையத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்து, அந்த எண் உள்ள ரசீதை வாங்குங்கள். கூடவே எல்லா நகல்களையும் இணைத்து ஒரு மனுவைத் தாசில்தாருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதைத் தமிழிலேயே எழுதலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969இலேயே, தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை கொடுத்திருக்கிறது. மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா என்று கவுன்டரில் சொன்னால் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். நடைமுறைக்காக ஒரு மலையாள மொழிபெயர்ப்பையும் சேர்த்து வைத்துவிடுங்கள். உரிமை வேறு, வேலை சீக்கிரம் நடப்பது வேறு.

மனுவின் கடைசியில் ஒரு வரி கண்டிப்பாக இருக்கட்டும்: மறுப்பதாக இருந்தால், ஒவ்வொரு ஆவணத்தையும் ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுதி உத்தரவு தர வேண்டும். கணினியில் வரும் “போதிய ஆவணம் இல்லை” என்ற மூன்று சொற்கள் போதாது. காரணம் எழுதிய உத்தரவு கையில் இருந்தால்தான் மேல்முறையீட்டுக்கோ எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்துக்கோ போக முடியும். அப்படி எழுத வேண்டும் என்று தெரிந்ததுமே பல கோப்புகள் தாமாக நகர்வதைப் பார்த்திருக்கிறேன். விசாரணை எதுவும் நடத்தாமல் கிடப்பில் போட்டால், சேவை உரிமைச் சட்டப்படி முறையிடலாம். அதில் அதிகாரிக்கு அபராதம் போடவும் இடம் உண்டு.

பெயர் வித்தியாசத்துக்கு, மாடனும் மாடசாமியும் ஒருவரே என்று ஒரு சான்று வேண்டும். இதற்கும் விண்ணப்பத்தோடு சேர்த்தே கேளுங்கள், தனியாகக் கேட்டால் அது ஒரு தனி வருடம் ஆகும். அந்தத் தாத்தாவைப் பார்த்த முதியவர்கள் உங்கள் டிவிஷனில் யாராவது உயிரோடு இருந்தால், குறிப்பாக வேறு சாதிக்காரர்கள், அவர்களின் வாக்குமூலத்தை நோட்டரி முன் இப்போதே எடுத்து வையுங்கள். உங்கள் பிறந்த வீட்டுக் காகிதங்களையும் தேடுங்கள். உங்கள் அப்பா வழியில் 1950க்கு முந்தைய தாள் கிடைத்தால் அதையும் துணை ஆதாரமாக வைக்கலாம். சாதி பொதுவாகத் தகப்பன் வழி என்பார்கள், இருந்தாலும் இரண்டு கிளையும் ஒரே மலையில் இருந்தது என்பது வெறும் பிழைப்புக்கு வந்து போன கதையை உடைக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மாநிலம் மாறி வந்தவருக்கு, அவருடைய தகப்பனாருக்குப் பூர்வீக மாநிலம் கொடுத்த சான்றிதழை வைத்து, இப்போது குடியிருக்கும் மாநிலமே ஒரு சான்றிதழ் தரலாம் என்று 1982 நவம்பர் 18 தேதியிட்ட உள்துறைக் கடிதம் சொல்கிறது. அதை வைத்துக் கேரளத்தில் ஒதுக்கீடு கேட்க முடியாது. மத்திய அரசு வேலைகள், மத்தியக் கல்வி நிறுவனங்கள், பூர்வீக மாநிலம் ஆகியவற்றில் கேட்கலாம். தாத்தா 1950க்குப் பின் வந்தவர் என்று உறுதியாகத் தெரிந்த குடும்பங்கள் இந்த வழியில் போக வேண்டும், நிறையப் பேர் இது இருப்பதே தெரியாமல் ரயில்வே, வங்கித் தேர்வுகளைப் பொதுப் பிரிவில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டில் 2021இல் பள்ளர், குடும்பர், பண்ணாடி உள்ளிட்ட ஏழு பிரிவுகள் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரின் கீழ் வந்துவிட்டன, கேரளப் பட்டியலில் அந்த மாற்றம் இல்லை. ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகளுக்கு இரண்டு பெயர் வரும்.

ஆனால் நீங்கள் இந்த வழியைத் தொடாதீர்கள், குறைந்தது இப்போதைக்கு. அந்த விண்ணப்பத்தில், நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள் என்று நீங்களே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். பீர்மேட்டுத் தாசில்தார் அந்த ஒரு வரியைக் காட்டியே உங்கள் கேரள மனுவை மூடிவிடுவார். கேரளச் சான்றிதழ் கிடைத்தால் மத்திய அரசின் இடங்களும் அதிலேயே அடங்கும். இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் தட்ட வேண்டாம்.

கொஞ்சம் அரசியலும் பேசிவிடுகிறேன், சட்டம் மட்டும் பேசினால் இந்தக் கோபம் தீராது. தேதியை மாற்றும் அதிகாரம் கேரள அரசுக்கு இல்லை. பட்டியலில் கைவைக்க நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். இதைச் சாக்காக வைத்துத் திருவனந்தபுரம் எழுபது வருடமாகக் கைகட்டி நிற்கிறது. கல்வி உதவித்தொகை, கட்டணச் சலுகை, ஹாஸ்டல் ஆகியவற்றைத் தன் சொந்தப் பணத்தில் யாருக்குக் கொடுக்கவும் மாநிலத்துக்கு யார் அனுமதியும் தேவையில்லை. லயத்தில் பிறந்து, இங்கேயே படித்து, மூன்று தலைமுறை இங்கேயே வேலை பார்த்த குடும்பத்தின் பிள்ளைக்கு ஒதுக்கீட்டு இடம் கொடுக்காமலே ‘இ-கிராண்ட்ஸ்’ என்னும் கல்வி உதவிப் பணத்தைக் கொடுக்கலாம். ஓர் அமைச்சரவை முடிவு போதும். எல்லா எஸ்டேட்டின் பழைய செக் ரோல்களையும் வாங்கி ஆவணக் காப்பகத்தில் வைப்பதற்கும் டில்லியைக் கேட்க வேண்டியதில்லை. தாலுகாதோறும் ஒருமுறை முகாம் போட்டு, டிவிஷன் டிவிஷனாக விசாரித்து, யார் 1950க்கு முன், யார் பின் என்று அரசே ஒரு பட்டியல் எடுத்திருந்தால் இந்தக் கேள்வி இரண்டு வருடத்தில் முடிந்திருக்கும். நிரூபிக்கும் பாரம் விண்ணப்பிப்பவர் மேல் என்று சட்டம் எழுதி வைத்தவர்கள், பதிவேடு யார் பீரோவில் இருந்தது என்று யோசிக்கவில்லை. துரையின் பீரோவில் இருந்த நோட்டை லயத்தில் இருப்பவரிடம் கேட்பது என்ன நியாயம்?

கேரளத்துப் புலையர், பறையர் அமைப்புகளுக்கு இதில் ஒரு பயம் உண்டு. எல்லையைத் திறந்துவிட்டால் தங்கள் எட்டு சதவீத ஒதுக்கீட்டில் பங்கு போய்விடும் என்கிறார்கள். நியாயமான பயம், அதை இனவெறுப்பு என்று தள்ளிவிட மாட்டேன். நேற்று வந்தவருக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை. இங்கேயே பிறந்தவரின் பேத்திக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே சட்டம் பொருந்தக் கூடாது என்றுதான் சொல்கிறேன். 1990 தீர்ப்பே இந்தச் சிரமத்தை உணர்ந்து, சட்டம் இயற்றும் அவைகள் கவனிக்க வேண்டிய விஷயம் என்று எழுதிவைத்தது. அதற்குப் பிறகு எத்தனை நாடாளுமன்றங்கள் கூடிக் கலைந்துவிட்டன! இடுக்கியிலிருந்து போனவர்களும் அவற்றில் இருந்தார்கள்.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். சேர்க்கைக்குக் கடைசித் தேதி இருக்கிறது, தாசில்தார் அதுவரை அசையாமல் இருக்கலாம். விண்ணப்பப் படிவத்தில் பட்டியல் சாதி என்ற கட்டத்தையே நிரப்புங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று பொதுப் பிரிவில் போட்டுவிட்டால் மாற்ற விட மாட்டார்கள். சான்றிதழுக்கு விண்ணப்பித்த ரசீதை இணையுங்கள். சேர்க்கைப் பட்டியல் வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்பும் உத்தரவு வராவிட்டால், குறிப்பிட்ட நாளுக்குள் முடிவெடுக்கும்படி தாசில்தாருக்கு ஆணையிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். இது பெரிய வழக்கு இல்லை; இப்படிப்பட்ட ஆணைகளை நீதிமன்றம் சகஜமாகவே கொடுக்கிறது. செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. பீர்மேடு கோர்ட் வளாகத்தில் தாலுகா சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கே உங்கள் சாதிக்குச் சான்றிதழ் கேட்டால், பெண் என்ற கணக்கில் வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு 1950ஆம் வருடத்துத் தாள் தேவையில்லை.